திட்டின பாட்டுக்கு ஒரு பீட்

ஃபிராங்க் இறந்து ஒரு வருடம் ஆகப்போகும் வாரத்தில் அவன் அக்கா ஏஸ்தெல் பிரான்சிலிருந்து வந்திறங்கினாள். வந்த மறுநாளே வினோதாவுக்கு போன் செய்தாள். "வீட்டுக்கு வா, பேசணும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

என்ன பேசப்போகிறாள் என்று வினோதாவுக்குத் தெரியாதா? தம்பியைக் கொன்றவள் நீதானே என்று கேட்கப்போகிறாள். ஊரில் ராப் பாடுகிற பையன்கள் அத்தனை பேரும் ஒரு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் தேதிகளாவது சரி. கருவடிக்குப்பத்தில் சொல்தா குடும்பத்து வீடு ஃபிராங்குடையது. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊர்ப் பேச்சில் சொல்தா; அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சு பாஸ்போர்ட். அந்த வீட்டு மாடியில், முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டிய ஒரு அறையில்தான் புதுச்சேரியின் முக்கால்வாசி ஹிப்-ஹாப் பிறந்தது. யார் வந்து கதவைத் தட்டினாலும் பாட்டுக்கு பீட், அதாவது அடியில் ஓடும் தாள இசை, போட்டுக் கொடுப்பான். வைத்திக்குப்பத்து மீன்காரம்மா மகள் வினோதாவும் அப்படித் தட்டியவள்தான். பன்னிரண்டு பாடகர்களை வைத்து அவன் ஒரு ஆல்பம் கொண்டுவந்தபோது அவள் பாட்டு அதில் இல்லை. ரெண்டாவது சரணம் இன்னும் பழுக்கவில்லை என்றான். சரி, போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் அவள் விடியற்காலையில் குப்பத்துக் கரையில் நின்று போனில் பதிவுசெய்து அவனிடம் கொடுத்த மீன் ஏலச் சத்தம், அதே ஆல்பத்தில் முகிலன் என்கிற பையன் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை.

வியாழக்கிழமை அவனைத் திட்டி ஒரு பாட்டை நெட்டில் ஏற்றினாள். திங்கட்கிழமை காலை ஃபிராங்க் மாடிப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வாசலை அவன் உயிரோடு தாண்டவில்லை. முப்பத்தெட்டு வயது. பாட்டை அன்றைக்கே அழித்துவிட்டாள். அழித்து என்ன, எல்லார் போனிலும் இருந்தது.

ஏஸ்தெல் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லாமல் மாடிக்குக் கூட்டிப்போனாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"நீ திட்டிப் பாடுனத அங்கயே கேட்டுட்டேன்."

"அக்கா, நான்..."

"பேசாத. மொதல்ல இதக் கேளு."

லேப்டாப்பில் 'வினோதா' என்ற பெயரில் ஒரு ஃபைல். ஏஸ்தெல் தட்டினாள். அறை அதிர்ந்தது. முதலில் தவில் போல ஒரு அடி, அதன்மேல் மோட்டார் படகு கிளம்பும்போது வருகிற திணறல். அதற்கு நடுவே வினோதாவின் சொந்தக் குரல், ஃபிராங்கைத் திட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய பழைய பீட் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் அடிமேல் சரியாக விழுமாறு யாரோ உட்கார்ந்து இழைத்திருந்தார்கள். முதல் நான்கு வரிக்குமேல் தாங்காமல் வினோதாவே எட்டி நிறுத்தினாள்.

"யாரு பண்ணுனது?"

"தேதியப் பாரு."

சனிக்கிழமை. அவள் பாட்டு வந்து இரண்டு நாள் கழித்து; ஃபிராங்க் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால்.

"அப்ப அண்ணனுக்கு என்மேல கோவம் இல்லியா?"

"இல்லாம? எனக்கு போனப் போட்டு அரை மணி நேரம் கத்துனான். கத்தி முடிச்சிட்டு, 'திட்டுறதுதான் திட்டுற, இவ்ளோ மட்டமான பீட்லயா திட்டுவ'ன்னான். அதுக்கப்பறம் எங்கிட்ட அவன் பேசவே இல்ல."

வினோதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏஸ்தெல் லேப்டாப்பை மூடினாள். பிறகு, "ஞாயித்துக்கெழம அவன் நெனவு நாள் ஃபங்ஷன்ல நீ இதப் பாடணும்" என்றாள்.

"அடிச்சே போட்டுருவாங்கக்கா."

"எல்லாரும் சேந்து அவன சாமியாக்கப் போறாங்க. அவன் சாமி இல்ல. ஒன் பேரப் போடாம விட்டது தப்பு. ஆனா அவன் கடைசியா கைவெச்ச வேல இது. பெரிய ஸ்பீக்கர்ல நான் இதக் கேக்கணும்."

முத்தியால்பேட்டையில் ஓடாத அரிசி ஆலை ஒன்றின் கூடத்தில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கே இருநூறு பேர் கூடிவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஃபிராங்கின் படம், மாலை. ஏஸ்தெல்லோடு வினோதா உள்ளே நுழைந்ததும் பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. அவள் நடந்த இடத்தில் ஆட்கள் விலகினார்கள். வழிவிட்ட மாதிரி இல்லை, மேலே பட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கிய மாதிரி இருந்தது.

எல்லா ஏற்பாடும் முகிலனுடையது. நேராக வந்து அவள் முன்னால் நின்றான்.

"ஒன் பேரு லிஸ்ட்ல இல்ல."

"நான் எழுதுறேன் லிஸ்ட்ல" என்றாள் ஏஸ்தெல்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியாது. இவ பாடுன பாட்டக் கேட்டுத்தான் அண்ணனுக்கு..."

"எந்தம்பிக்கு நெஞ்சுல கோளாறு மூணு வருசமா. மாத்திரை போடச் சொன்னா போட மாட்டான். நான் நர்சு, முகிலன். எனக்குத் தெரியும்."

முகிலன் சட்டெனத் திரும்பினான். ஸ்பீக்கர்களை இயக்கும் ஒலிப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாலகுருவிடம் போனான். ஃபிராங்கோடு ஏழு வருடம் அந்த மாடி அறையில் கிடந்தவன் பாலகுரு. குரல் இல்லாமல் பீட்டை மட்டும் ஏற்றி ஏஸ்தெல் கொடுத்த பென் டிரைவ் அவன் கையில் இருந்தது.

"அதப் போட்ட, அத்தோட ஒனக்கும் எனக்கும் ஒண்ணும் கெடயாது" என்றான் முகிலன்.

பாலகுரு பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வினோதா அதற்குள் மேடை ஏறிவிட்டாள். இனி யோசித்தால் கால் வராது என்று அவளுக்குத் தெரியும். "எறங்குடி" என்று பின்வரிசையில் ஒரு குரல். யாரோ வீசிய தண்ணீர் பாட்டில் அவள் காலருகே விழுந்து உருண்டது. அவள் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"இது ஃபிராங்க் அண்ணன் எனக்குப் போட்ட பீட்டு" என்றாள்.

"பொய்யி!" என்று கத்தினார்கள்.

பாலகுரு பொத்தானை அழுத்தினான்.

தவில் அடி கூடத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. கத்திக்கொண்டிருந்தவர்கள் வாய் அப்படியே நின்றது. யார் போட்டது என்று அங்கே ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் அவன் பீட்டில் வளர்ந்தவர்கள். வினோதா தொடங்கினாள்.

"கரையில நின்னு கடல அளந்த, காலு நனையல
எங்க குப்பத்துக் கொரல எடுத்த, எங்கள நெனைக்கல
பையில ஒனக்கு பாரிசு பாஸ்போர்ட்டு, பயமே இல்ல
மீனப் பத்தி பீட்டு போடுற, கையில கவிச்சி கூட இல்ல."

மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று அவனையே திட்டினாள். இரண்டாவது சரணத்தில் ஒரு வரி தாளம் தப்பியது. ஆனாலும் அடி அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. கடைசி வரியை முடித்துவிட்டு மைக்கைத் தாழ்த்தினாள்.

பீட் முடியவில்லை.

அவள் திரும்பி பாலகுருவைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். பீட் வெறுமையாக ஓடிக்கொண்டே இருந்தது. திட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் பாடுவதற்கான இடம் அது. ஃபிராங்க் பாடுகிறவன் இல்லை. யாரை நினைத்து விட்டுவைத்தானோ. இருநூறு பேருக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நின்றாள்.

முகிலன் மேடையில் தாவி ஏறினான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து ஒரு அடி பின்வாங்கினாள். அவன் மைக்கைப் பிடுங்கினான்.

"செத்தவன அடிக்கிறியே, கூசலியா வாயி?
சோறு போட்ட வாசல்லயே கொலைக்குது பாரு நாயி!"

கூடம் கொதித்து எழுந்தது. முகிலன் அவள் முகத்துக்கு அரை அடியில் நின்று பாடினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வினோதா கண்ணை எடுக்கவில்லை. இப்போது நகர்ந்தால் எல்லாம் போச்சு.

"ஏழு வருசம் எங்களுக்கு அவன்தான்டி மூச்சு
மாடி ரூமு பூட்டிக் கெடக்கு, எல்லாம்..."

வரி வரவில்லை. ஒரு அடி போனது, இரண்டு அடி போனது. அவன் உதடு மட்டும் அசைந்தது. சிரிக்க நினைத்த யாரும் சிரிக்கவில்லை. கூடத்தில் எங்கோ ஒருவன் கையைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். முகிலன் மூச்சை இழுத்து, விட்ட இடத்தைத் தாண்டிப் பிடித்து, தடுமாறித் தடுமாறி கடைசிவரை பாடி முடித்தான். பிறகு பீட் நின்றது.

முதல் வரிசையில் ஏஸ்தெல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கும் படியில் வினோதா உட்கார்ந்தாள். அவளைக் கடந்துபோன இரண்டு பேர் முறைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து முகிலன் வந்து பக்கத்தில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நான் சொன்ன எதையும் வாபஸ் வாங்க மாட்டேன்."

"நானும்தான்."

"அந்த ஏலச் சத்தம்... நீ குடுத்ததுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒன் பேரப் போடணும்னு அண்ணங்கிட்ட சொல்லல நான்."

அவள் எழுந்து நின்றாள். ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஒரு வருடம் சுமந்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது.

"அந்தப் பாட்டுல என் பேரப் போடு" என்றாள். "இன்னிக்கே."

"போடுறேன்." கொஞ்சம் நின்றான். "இன்னிக்கு ரெக்கார்டானத வெளிய விட்றாத. என் வெர்சு சரியா வரல. திரும்பப் பாடணும்."

"நானும் ரெண்டாவது சரணத்துல சொதப்பிட்டேன்."

"தெரியும். கேட்டேன்."

பாலகுரு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே அவர்களைப் பார்த்தான். "செவ்வாக்கெழம சாயந்தரம் மாடி ரூமத் தொறக்கச் சொல்லி ஏஸ்தெல் அக்காகிட்ட கேக்குறேன்" என்றான். வினோதா ஒரு ஒயரின் முனையை எடுத்தாள். முகிலன் மறுமுனையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான்.