எலும்பு ரூம் யாருக்கு

உயிர்கள் எப்படி உண்டாயின என்ற கேள்வியைத் தீர்த்துவைக்க அந்தப் பள்ளிக்கூடம் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கியது. மதியம் அதே மண்டபத்தில் தையல் இயந்திரக் கண்காட்சி இருந்ததால், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிட வேண்டும் என்று தாளாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கேள்வி பெரியதுதான். அதன் பின்னால் ஒளிந்திருந்த விஷயம் சின்னது: முதல் மாடியில் ஓர் அறை. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் அறை. பல வருடங்களாக உயிரியல் வாத்தியார் கையில் இருந்தது. கதவில் 'உயிரியல் மாதிரிகள் கூடம்' என்று எழுதியிருந்தாலும் மாணவர்கள் அதை எலும்பு ரூம் என்றுதான் சொன்னார்கள். உள்ளே கொக்கியில் தொங்கும் ஒரு முழு எலும்புக்கூடு, குப்பிகளில் ஊறும் பாம்புகள், பஞ்சு அடைத்த ஆந்தை ஒன்று, ஒரு முதலை மண்டை. அந்த மண்டையை வாத்தியார் வெளியூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டாராம். இதை வாத்தியார் பெருமையாகச் சொல்வார்.

பெருமை என்பது அவருக்குக் கொஞ்சம் தாராளமாகவே வாய்த்திருந்தது. ஆனால் அந்த அறை விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. விடுமுறை நாளிலும் போய்க் குப்பிகளைத் துடைப்பார். வீட்டில் அவர் வாய் திறந்தால், பெருக்க வேண்டும், காலைத் தூக்குங்கள் என்பார்கள். அங்கே வாய் திறந்தால் நாற்பது பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்பார்கள். அந்த அறை போய்விட்டால் தான் பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அறையைக் கேட்டது வெளியாள் இல்லை. அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். ஊரில் பெயர் பெற்ற போதகர். உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டது என்பதைப் படங்களோடு விளக்க ஒரு கூடம் வேண்டும், வெளிச்சமான இடமாக இருந்தால் நல்லது என்று அவர் தாளாளரிடம் மனு கொடுத்தார். ஒரே பள்ளிக்கூடத்தில் குரங்குக்கு ஓர் அறை இருக்கும்போது கடவுளுக்கு ஓர் அறை கூடாதா என்று கேட்டார். கேள்வி சுருக்கமாக இருந்ததால் பெற்றோர் மத்தியில் வேகமாகப் பரவியது. வாத்தியாரின் பதில் பதினோரு பக்கம் இருந்தது. அது பரவவில்லை.

தாளாளருக்கு இதில் கருத்து எதுவும் கிடையாது. இரண்டு கட்சியிலும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இருக்கும்போது கருத்து வைத்துக்கொள்வது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்பார். எனவே விவாத மேடை. இருவரும் பேசட்டும், பெற்றோர் கையைத் தூக்கித் தீர்ப்பு சொல்லட்டும், ஜெயித்தவருக்கு அறை. ஒரு தரப்பு வராவிட்டால் மறு தரப்பு ஜெயித்ததாகக் கொள்ளப்படும் என்றும் அறிவிப்பில் அச்சடித்திருந்தார்கள்.

இருவரும் ஒரு மாதம் தயாரானார்கள். வாத்தியார் முகம் மழித்துக்கொண்டே கண்ணாடியிடம் வாதாடினார். போதகர் தங்கையைப் போனில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது பாப்பா என்று கேட்டுக் கேட்டு முழுப் பேச்சையும் ஒப்பித்தார். ஆக, மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதை இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்ட ஒரே ஆள் வாத்தியாரின் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டின் முன்னறையில் சாலைக் குறிகளை மாட்டிவைத்துப் பாடம் எடுப்பாள். பிறகு மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கில் ஒரு காலை வைத்தபடி ஊரைச் சுற்றுவாள். எந்தக் கட்சியை நம்புகிறாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. இரண்டு கட்சிக்கும் காபி போட்டதற்கு மேல் அவளுக்கும் அதில் ஆர்வம் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை போதகர் வந்தார், குரல் வரவில்லை. வாரம் முழுக்க மொட்டை மாடியில் நின்று உச்சக் குரலில் ஒத்திகை பார்த்ததில் தொண்டை கட்டிவிட்டது. கழுத்தில் மப்ளரோடு முதல் வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். கதவு கீலில் எண்ணெய் வற்றினால் வரும் சத்தம்தான் வந்தது.

தாளாளர் அறிவிப்பை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தார். ஆள் வந்திருக்கிறார், ஆனால் தரப்பு வரவில்லை என்று முடிவு செய்தார். வாத்தியார் ஜெயித்துவிட்டார். அந்த நிமிடத்தில் அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவது. ஆனால் அவரிடம் திரையில் காட்ட எண்பது படங்கள் தயாராக இருந்தன. திமிங்கிலத்தின் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் பின்னங்கால் எலும்பு மட்டுமே ஆறு கோணத்தில் இருந்தது. மண்டபமும் நிரம்பியிருந்தது. போட்டி இல்லாத வெற்றி தனக்கு வேண்டாம், மச்சானின் பேச்சை வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார். யார் வாசிப்பது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். என் மனைவி இங்கேதான் இருக்கிறாள் என்றார் வாத்தியார்.

மேடைக்குப் பக்கத்தில் அவளைத் தனியாக அழைத்து மச்சானின் பேப்பர்களைக் கையில் கொடுத்தார்.

"அப்படியே வாசி. ஏற்ற இறக்கம் எல்லாம் வேண்டாம்."

"ஜெயிச்சாச்சுன்னு சொல்லிட்டாங்களே. பேசாம போய்டலாம்ங்க."

"எதிராளி இல்லாம ஜெயிச்சா அது அறிவியலுக்கு அவமானம்."

"அறிவியலுக்கா, உங்களுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் அவர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவள் பேப்பரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ரூம் இப்போ உங்களோடது. நல்லா யோசிச்சுக்கோங்க."

அவர் யோசிக்கவில்லை. மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

முதலில் தாளாளர் பேசினார். உயிர்களின் தோற்றம் பற்றிப் பேச வேண்டியவர், பள்ளிக்கூடத்தின் தோற்றம் பற்றிப் பேசினார். அது முழுக்க முழுக்க ஒரு தனி மனிதரின் படைப்பு என்று அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. அந்த மனிதரின் பெயரை அடக்கம் கருதிச் சொல்லவில்லை. மேடைத் திரையில் எழுதியிருந்தது.

பிறகு வாத்தியார். அவர் சொன்னதெல்லாம் சரி. வால் போன இடத்தில் மிச்சமிருக்கும் எலும்பைப் பற்றிச் சொன்னார், இடமில்லாத தாடையில் முளைக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொன்னார், கோடிக்கணக்கான வருடங்களைப் பற்றிச் சொன்னார். சொன்ன விதத்தில் அந்தக் கோடி வருடங்களையும் சபை உட்கார்ந்த இடத்திலேயே கடந்தது போல் ஆனது. ஐம்பதாவது படத்தில் ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் அதை வெளியே தூக்கிக்கொண்டு போனபோது பலர் பொறாமையோடு பார்த்தார்கள்.

அடுத்து அவருடைய மனைவி. சொன்னபடியே ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். கண் என்னும் கருவி எவ்வளவு நுட்பமானது, அது தானாக அமைய முடியுமா என்று போதகர் எழுதியிருந்தார். சபையில் பாதிப் பேருக்கு அப்போது கண் மூடியிருந்தது. இப்படியே போயிருந்தால் வாத்தியார் ஜெயித்திருப்பார். ஆனால் அவள் தலை நிமிர்ந்தபோது அவர் தெரிந்தார். கையைக் கட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துபவர் மாதிரி மெல்லச் சிரித்தபடி, சரி சரி, சீக்கிரம் முடி என்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவள் பேப்பரை மடித்தாள்.

"எங்க அண்ணன் எழுதினது இன்னும் நிறைய இருக்கு. அதை விட்டுடலாம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

முதல் வரிசையில் மப்ளர் அசைந்தது. கீல் சத்தம் ஒன்று வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"சார் சொன்னார், எல்லா உயிரும் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே வருதுன்னு. நான் அவரோட இருபத்திரண்டு வருஷமா குடித்தனம் பண்றேன். ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு முதல் நாள் சொன்னேன். இன்னிக்குக் காலையிலயும் கட்டில்லதான் கிடந்துச்சு."

பின் வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அவள் பக்கத்தில் இருந்தவரின் முகம் சிறுத்தது. ஒரு சிரிப்பு கிடைத்தவர் இரண்டாவதைத் தேடாமல் இருப்பது கஷ்டம், மேடையில் நின்றவளும் தேடினாள்.

"சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி மாறாதது அழிஞ்சு போயிடும்னும் சொன்னார். அவரே நல்லா, திடகாத்திரமா, உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கார். நீங்களே பார்த்துக்கோங்க."

இப்போது மண்டபம் முழுக்க விழித்துக்கொண்டது. வாத்தியார் குறுக்கிட்டு, பரிணாமம் என்பது ஒரு தனி ஆளில் நடப்பதில்லை, தலைமுறை தலைமுறையாக நடப்பது என்று விளக்கம் கொடுத்தார். விளக்கம் முற்றிலும் சரி. உங்கள் அப்பாவையும் எனக்குத் தெரியும் என்று அவள் அமைதியாகச் சொன்னதும் அந்தச் சரியும் போனது.

"அதனால நான் எங்க அண்ணன் கட்சிதான். தற்செயலா இவ்வளவு பிடிவாதம் ஒரே ஆள்கிட்ட வந்து சேராது. யாரோ உட்கார்ந்து, பொறுமையா, வேணும்னேதான் செஞ்சிருக்காங்க."

கைதட்டல் அடங்கவே நேரமானது. தையல் இயந்திரக்காரர்கள் முன்னதாகவே வந்து வாசலில் நின்றிருந்தார்கள், அவர்களும் தட்டினார்கள். தாளாளர் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கணித ஆசிரியர் தூக்கவில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அறிவியல் உண்மையைக் கை தூக்கி முடிவு செய்ய முடியாது என்று வாத்தியார் மைக்கில் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சுருக்கமான, மிகச் சரியான வாக்கியம் அதுதான். மைக்கை ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தார்கள்.

வீடு திரும்பும்போது காரில் அவள் ஒரே ஒரு முறை, சிரிச்சாங்களே தவிர கை தூக்குவாங்கன்னு நினைக்கல என்றாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். குப்பிகளுக்குப் பள்ளியில் வேறு இடம் இல்லை. எலும்புக்கூட்டுக்கு அறவே இல்லை. அவள் ஒரு வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு வண்டியோடு வந்தாள். கேட்கவும் இல்லை, அவர் அழைக்கவும் இல்லை. பாம்புகள் டிக்கியில் போயின. ஆந்தை பின் சீட்டில். எலும்புக்கூட்டை மடக்க முடியாததால் முன்னால் தன் தனி பிரேக் இருக்கும் இடத்தில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டாள். சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலர் வண்டிமேல் இருந்த 'பயிற்சி வாகனம்' பலகையைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாத்தியார் பின்னால் ஆந்தையோடு உட்கார்ந்து வந்தார். முதலை மண்டை மடியில் இருந்தது.

வீட்டில் இடம் என்று ஒன்று இருந்தால் அது அவளுடைய முன்னறைதான். எங்கே வைப்பது என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. அவளே குறுக்குத் தெரு, வேகத்தடை, ஒலி எழுப்பாதே எல்லாவற்றையும் ஒரு சுவருக்கு ஒதுக்கிவிட்டு, மூன்று சுவரை விட்டுக்கொடுத்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் போதகர் வந்தார். குரல் திரும்பியிருந்தது, முழுவதையும் தாளாளர்மேல் செலவழித்தார். வெளிச்சமான அந்த அறையில் தாளாளர் தனக்கு வந்த கேடயங்களை அடுக்கி, ஏசி மாட்டி, சோபா போட்டுவிட்டாராம். விருந்தினர் வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்று கேட்டாராம். படைப்பு விளக்கக் கூடத்துக்குச் சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையைக் காட்டியிருக்கிறார்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாம் மாப்பிள்ளை," என்றார் போதகர்.

வாத்தியார் குப்பி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அவர் யாரிடமும் பேசி அன்றோடு ஒன்பது நாள். போதகர் பாம்பைப் பார்த்தார்; அதைப் பற்றிச் சொல்ல அவரிடமும் ஒரு கதை இருந்தது. தங்கை பார்த்த பார்வையில் அதைச் சொல்லாமல் விடைபெற்றுக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து மாணவர்கள் பாடத்துக்கு வந்தார்கள். முதலில் வாசலிலேயே நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, எலும்புக்கூட்டிலிருந்து கூடியவரை தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் வலது பக்கம் திரும்புவதைப் பற்றி ஆரம்பித்தாள். யார் காதிலும் அது ஏறவில்லை. கடைசியில் ஒரு துணிக்கடைக்காரர் கேட்டேவிட்டார்.

"இவர் யாருக்கா, பழைய ஸ்டூடண்டா?"

"ஆமா. கண்ணாடி பார்க்காம திரும்பினவர்," என்றாள் அவள்.

சிரிப்பு அடங்கிய பிறகு கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அவர் இல்ல. அவங்க. இடுப்பெலும்பைப் பாருங்க, எவ்வளவு அகலமா இருக்குன்னு."

வாத்தியார் துடைக்கும் துணியோடு நின்றிருந்தார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போகத்தான் பார்த்தார். ஆனால் துணிக்கடைக்காரர் எழுந்து எலும்புக்கூட்டின் பக்கத்தில் போய், எதைச் சொல்றீங்க சார், இதையா என்று கேட்டார். மற்ற நால்வரும் எழுந்தார்கள். அவள் கையிலிருந்த குச்சியை வாத்தியாரிடம் நீட்டிவிட்டு, போர்டை மறைக்காமல் ஓரமாகப் போய் மாணவர்களின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள்.

அவர் இடுப்பில் தொடங்கி, தொடைக்குப் போய், நிமிர்ந்து நடந்த முதல் உயிர் வரைக்கும் போனார். திமிங்கிலமும் வந்தது. அன்று யாருக்கும் வலது பக்கம் திரும்புவது எப்படி என்று தெரியாமலே போனது.