பின்சீட்டில் ஒரு பரீட்சைக்காரி

கேட் பூட்டியிருந்தது.

பிருந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஷார்ஜாவின் மே மாத வெயிலில் தார் பளபளத்தது. வேனைக் காணோம்.

"சித்தீக் அங்கிள், ப்ளீஸ். ஒரு டாக்ஸி புடிச்சுப் போயிடறேன்."

"போயிருவே பாப்பா. அப்புறம் நான் எந்த டாக்ஸியைப் புடிச்சு ஊர் போய்ச் சேர்றது?" வாட்ச்மேன் முகம்மது சித்தீக் நாற்காலியை விட்டு எழவில்லை. கீழக்கரைக்காரர். "பொம்பளப் புள்ளைங்களை அப்பாவோ அம்மாவோ ஸ்கூல் கொடுத்த கார்டோட வந்து கூட்டிட்டுப் போகணும். இது நான் போட்ட ரூலா?"

பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டே, பள்ளியின் ஏற்பாட்டில், நகரத்தின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தாள் பிருந்தா. பாஸானால் மார்க் பள்ளிக்கும் உண்டு, கல்லூரிக்கும் உண்டு. கோட்டை விட்டாலோ இரண்டு பக்கமும் காலி. பள்ளிப் படிப்பே முடியாது.

இன்று கடைசிப் பரீட்சை. பதினொரு மணிக்கு ஹால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதே பாடம் படிக்கும் மற்ற பெண்கள் வீட்டிலிருந்தே நேராகப் போய்விட்டார்கள். காலையில் ஃபிசிக்ஸ் பிராக்டிகல் இருந்ததால் இவள் மட்டும் பள்ளிக்கு வந்து மாட்டிக்கொண்டாள். வழக்கமாய் அழைத்துப் போகும் வேன் ஏ.சி. செத்து கேரேஜில் கிடந்தது. பள்ளி ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள்.

அம்மாவுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். ரிங் போனது. எடுக்கவில்லை.

அப்பாவுக்கு அடித்தாள். முதல் ரிங்கிலேயே எடுத்தார் உமாபதி. புஜைரா துறைமுகத்தில் எண்ணெய் டேங்குகளைச் சோதிக்கும் இன்ஜினீயர். பின்னால் கப்பல் ஒன்று பிளிறியது.

"வேன் வரலையா? அம்மா எங்க?"

"எடுக்கலப்பா."

"தூங்கியிருப்பா. நான் கிளம்பறேன். ஆனா மலையைத் தாண்டி வரணுமேம்மா..."

பதினொன்றுக்குள் வரமாட்டார். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கார்க்கதவு அறையப்படும் சத்தம் போனில் கேட்டது.

அடுத்த நிமிடம் அம்மா கூப்பிட்டாள். கிசுகிசுப்பான குரல்.

"ஏண்டி இத்தனை மிஸ்டு கால்?"

சொன்னாள். அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு ஒலிபெருக்கி அரபியில் யாரையோ அழைத்தது.

"அம்மா, நீ எங்க இருக்கே?"

"அங்கேயே நில்லு."

கட்.

வீட்டில் ஒலிபெருக்கி கிடையாது. அம்மாவுக்குக் காரும் கிடையாது. லைசன்ஸும் கிடையாது. நான்கு முறை டெஸ்ட் கொடுத்து நான்கு முறையும் தோற்றவள் ஜெயபாரதி. ரவுண்டபவுட் வந்தால் போதும், எல்லா வண்டியும் போகட்டும் என்று நின்றுவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கும் போலீஸ்கார அம்மாள் "கலாஸ்", முடிந்தது, என்று இறக்கிவிடுவாள். "உனக்கு லைசன்ஸ் வர்றதுக்குள்ள நம்ம பொண்ணு டிகிரியே வாங்கிடுவா" என்று சாப்பாட்டு மேஜையில் அப்பா சிரித்த அன்றைக்கே, இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளை கார் திரும்பியது. மெதுவாக. மகா மெதுவாக. கூரை மேல் டிரைவிங் ஸ்கூல் பலகை. சித்தீக் எழுந்தே விட்டார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், அப்பளம் பொரிக்கும்போது இருக்கும் அதே கவனத்தோடு, அம்மா.

"அல்லாஹ்!" என்றார் சித்தீக். "உங்கம்மாவா?"

ஜெயபாரதி கண்ணாடியை இறக்கி கார்டை நீட்டினாள்.

"லைசன்ஸ் இருக்காம்மா?"

"புள்ளையக் கூட்டிட்டுப் போகக் கார்டுதானே கேட்டீங்க? பக்கத்துல டீச்சர் இருக்காங்க, பாருங்க. திறங்கண்ணே!"

கேட் திறந்தது. பிருந்தா பின்சீட்டில் பாய்ந்தாள்.

முன்சீட்டில் கறுப்பு அபாயா அங்கியில் இருந்த ஹாலிதா திரும்பினாள். காயல்பட்டினத்துக்காரி, பெண்களுக்கு மட்டும் கற்றுக்கொடுப்பவள். காலடியில் அவளுக்கென்று தனி பிரேக். "பெல்ட் போடும்மா. உங்கம்மா ஓட்டற கார்ல பெல்ட் இல்லாம உக்காரவே கூடாது."

"ஹாலிதா!"

"உண்மையத்தான சொல்றேன்? யல்லா, கிளம்புங்க, செகண்டு கியர்."

"நீங்களே ஓட்டுங்களேன் ஆன்ட்டி," என்றாள் பிருந்தா. "பத்தே முக்கால் ஆயிடுச்சு."

"நான் ஓட்டறேன்னு முதல்லயே சொல்லிட்டேன். உங்கம்மா சாவியத் தரல."

அம்மாவின் பின்கழுத்தில் வியர்வை. காது நுனி சிவந்திருந்தது. கார் வேகம் பிடித்தது. முன்னால் ரவுண்டபவுட்.

லாரி, பஸ், டாக்ஸி, மறுபடி லாரி. இடைவெளியே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கார் நின்றது.

பின்னால் ஹாரன். ஒன்று. இரண்டு. ஒரு கச்சேரியே.

"அம்மா..."

"பேசாதே. ஃபார்முலாவைச் சொல்லிப் பாரு."

"இப்பவா?"

"சத்தமா சொல்லு!"

பிருந்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஃபார்முலாவை மந்திரம் மாதிரி ஒப்பிக்கத் தொடங்கினாள். பாதியில் ஒரு சிமெண்ட் லாரி கடந்தது. அதன் வாலில் ஒரு சின்ன இடைவெளி.

ஜெயபாரதி நுழைந்தாள்.

ஹாலிதாவின் கால் பிரேக் மேல் தூக்கியபடியே நின்றது. அழுத்தவில்லை. கார் வளைந்து, இண்டிகேட்டர் போட்டு, மூன்றாவது வழியில் வெண்ணெய் மாதிரி வெளியேறியது.

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஹாலிதா. காலைக் கீழே இறக்கினாள். "இதை அந்தப் போலீஸ்காரி முன்னால செஞ்சிருக்கக் கூடாதா, ஜெயாக்கா?"

பிருந்தா முன்னால் குனிந்தாள். "என்ன சொல்றாங்க?"

அம்மா கியரை மாற்றினாள்.

"இன்னிக்கு உங்கம்மாவுக்கு அஞ்சாவது டெஸ்ட்," என்றாள் ஹாலிதா. "மைக்ல பேரு கூப்பிட்டுட்டான். வரிசையில இருந்து எழுந்து வந்துட்டாங்க."

போனில் கேட்ட அந்த ஒலிபெருக்கி. அம்மாவின் கிசுகிசுப்பு. பிருந்தா மூக்கை உறிஞ்சினாள்.

"ஏம்மா?"

"ஏம்மா கீம்மாவெல்லாம் வேண்டாம். என் டெஸ்ட் போனா இன்னொண்ணு வரும். உனக்கு ரெண்டு பக்கமும் போகுமாமே? மூக்கைத் துடை. அழுதா கணக்கு வராது."

"ஆன்ட்டி, ஒரே பரீட்சை எனக்கு ரெண்டு இடத்துலயும் மார்க் ஆகுது. அம்மா இப்ப ஓட்டினது கிளாசுக்கும் டெஸ்டுக்கும் சேர்த்து ஆகாதா?"

"டிராஃபிக் ஆபீஸ்ல போய் இதைச் சொல்லிப் பாரேன். உன்னையும் சேர்த்து ஃபெயில் போடுவான்."

கல்லூரி வாசல். பிருந்தா இறங்கி ஓடினாள். வாசலை ஒட்டிய ஹாலின் கதவைச் சாத்தக் கை வைத்திருந்த மேடம், அவளையும் அவள் வந்த காரின் கூரைப் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழிவிட்டார்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது ஹாலிதா அடுத்த மாணவிக்காகக் கிளம்பிப் போயிருந்தாள். வேப்ப மர நிழலில் அம்மா. எதிரே அப்பா. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பூட்ஸில் துறைமுகத்து எண்ணெய்க் கறை.

"எழுதினியா?" இருவரும் ஒரே குரலில்.

"எழுதிட்டேன். கடைசிக் கணக்கு மட்டும் டவுட்டு. பாஸ் கண்டிப்பா ஆயிடுவேன்."

அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் வர்றேன். ‘உங்க வீட்டம்மா ஓட்டிட்டுப் போனாங்க’ன்னான். நான் நம்பல. ஸ்கூல் மாறி வந்துட்டேனோன்னு போர்டைப் பார்த்தேன்."

"சிரிங்க. நல்லாச் சிரிங்க."

"அந்த ரவுண்டபவுட் வழியாவா வந்தே?"

"வேற வழி எது?"

"அம்மா இன்னிக்கு டெஸ்ட் வரிசையில இருந்தே எழுந்து வந்துட்டாப்பா," என்றாள் பிருந்தா.

அவர் சிரிக்கவில்லை. கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அடுத்த டெஸ்ட் எப்போ?"

"தேதி இனிமேதான் வாங்கணும். ஏன், எதுக்கு?"

"கூட வர்றதுக்கு லீவு சொல்லணும்ல," என்றார் உமாபதி.