புல்லைத் தொட்ட கை

காசிமாயன் கோல்ஃப் ஆட ஆரம்பித்ததிலிருந்து போடியில் யாருக்கும் நிம்மதியில்லை. ஏலக்காய் விலை விசாரிக்கப் போனவனுக்கும் கோல்ஃப், எழவு வீட்டில் துட்டி கேட்கப் போனவனுக்கும் கோல்ஃப். கலீபுல்லாவின் ஏலக்காய்க் கடையில் மூட்டை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, குடையை மட்டையாகப் பிடித்துக்கொண்டு அவர் நடத்திய வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. காப்பிச் செலவு மட்டும் கலீபுல்லாவுடையது.

“மத்த வெளையாட்டு மாதிரி இல்லப்பா இது. பந்து எங்க விழுகுதோ அங்கிட்டிருந்துதான் அடிக்கணும். முள்ளுல விழுந்தாலும் சரி, புல்லுல விழுந்தாலும் சரி. புல்லைக் கையால தொட்டாப் போச்சு. பாத்துச் சொல்ல அம்பயரும் கெடையாது. நம்ம மனசாட்சிதான் அம்பயரு.”

“அப்ப போடியில ரெண்டு பேரு சேர மாட்டாகண்ணே” என்றார் கலீபுல்லா.

கலீபுல்லா மலைமேல் இருக்கும் கிளப்பில் பல வருஷமாக மெம்பர். ஞாயிறு தோறும் ஆடுகிறவர். அதைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. மட்டையை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று தனக்கே பாடம் எடுத்த காசிமாயனைக் கிளப்பில் சேர்க்கச் சொல்லி சிபாரிசு செய்தவரும் அவர்தான். சில பேருக்கு அப்படி ஒரு பொறுமையை அல்லா கொடுத்திருக்கிறான்.

போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்ட முதலாளிகள் சேர்ந்து நடத்திய கிளப் அது. ஆறு குழி உள்ள மைதானம், தகரக் கூரைக் கட்டடம், சுவரில் ஒரு காட்டெருமைத் தலை. வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த எருமை அவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. எருமைக்குக் கீழே உட்காருகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே பார்வைதான்.

அங்கே மெம்பராவது காசிமாயனுக்கு வெறும் ஆசையல்ல, வைராக்கியம். கல்யாணமான புதிதில் ராசிங்காபுரத்திலிருந்து பெண்டாட்டி ஒச்சம்மாளோடு மலையேறி, கிளப் செக்ரட்டரி குரியனின் தோட்டத்தில் களையெடுத்தவர் அவர். அப்புறம் சரிவில் ஒரு துண்டு குத்தகைக்கு எடுத்தார், அதையே சொந்தமாக்கினார். ஏலக்காய் விலை ஏற ஏற அவரும் ஏறி, எண்பத்தொன்றாம் வருஷம் ஒரு தோட்டம், ஒரு ஜீப்பு, ஒரு கோல்ஃப் செட்டு என்று வந்து நின்றார். குரியனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. களையெடுக்கிற ஆட்களின் முதுகைத்தானே முதலாளி பார்ப்பார். அந்த வசதியில் காசிமாயன் தன் பாட்டனாரை ஜமீன் திவானாக்கிவிட்டிருந்தார். உண்மையில் பாட்டனார் தேவாரத்தில் பிறத்தியார் கடலைக் காட்டுக்கு யானைக் காவல் இருந்தவர்.

மெம்பராகிறதற்கு ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து மெம்பர்களோடு ஆட வேண்டும். ஆள் எப்படி என்று பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். காசிமாயன் பயிற்சி எடுத்ததெல்லாம் கடலை பிடுங்கிய பொட்டலில். கட்டாந்தரை, மட்டை பட்டால் போதும், பந்து ஓடிக்கொண்டே இருக்கும். புல்லில் விழுந்த பந்தைப் பற்றி அவருக்குப் பிரசங்கம் தெரியும், அடிக்கத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு மலை ஏறும்போதே பரீட்சை ஆரம்பித்துவிட்டது.

“யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்லுவ?”

பட்டுச்சேலை கட்டி, குளிருக்குத் துண்டைப் போர்த்தியிருந்த ஒச்சம்மாள் சொன்னாள்: “ஒன் பாட்டனாரு ஜமீன்ல திவானா இருந்தாருன்னு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னத்த? அந்தாளு தகரத்தைத் தட்டி யானைய வெரட்டுனதச் சொல்லட்டுமா?”

“வாயத் தொறக்காம இரு ஆத்தா, அது போதும்.”

ஆட்டம் நன்றாகவே போனது. கலீபுல்லா கூடவே நடந்து, எந்த மட்டை என்று கண்ணாலேயே காட்டிக்கொடுத்தார். ஐந்து குழிகளை மானம் போகாமல் முடித்து, கடைசிக் குழிக்கு வந்தார்கள். அது கிளப் வராந்தாவுக்கு எதிரே இருந்தது. பிரம்பு நாற்காலிகளில் மெம்பர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில், நாற்காலியின் நுனியில் ஒச்சம்மாள்.

காசிமாயன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தார். பந்து குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டியிருந்த புல்தரையில் விழுந்தது. வராந்தாவில் யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் முடியுமுன் பந்து மெதுவாக உருண்டு, அந்தப் பக்கம் இறங்கி, ஐப்பசி மழைக்குக் கணுக்கால் மறைய வளர்ந்திருந்த அடர்ந்த புல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குழி நாலு எட்டில்தான் இருந்தது.

“பேடிக்கண்டா, பயப்படாதீங்க” என்றார் குரியன், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக. “சின்னதா ஒரு தட்டு. பந்து எழும்பும், விழும், உருண்டு குழிகிட்டப் போகும். அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்.”

காசிமாயன் சின்னதாக ஒரு தட்டுத் தட்டினார். புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பந்து எழும்பவில்லை, இன்னும் ஒரு விரற்கடை கீழே போனது. இரண்டாவது தடவை கொஞ்சம் ஓங்கி அடித்தார். ஒரு கொத்துப் புல் மட்டும் மண்ணோடு பறந்துபோய் வெட்டிய தரையில் விழுந்தது. வராந்தாவில் யாருக்கோ இருமல் வந்தது. மூன்றாவது தடவை மட்டை பந்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. பந்து அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பந்து எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கலாமே என்று குந்தினார். அங்கேதான் வந்தது வினை.

குதிகால் மண்ணில் ஊன்றியதுமே கைகளுக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது. இடது கை புல்லை வாரிச் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கியது. வலது கை வேரோடு பிடுங்கி, முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்து, சரிவின் கீழ்ப்பக்கம் மடக்கிப் போட்டது. குதிகால் அதை அமுக்கியது. ஏலச்செடியின் தூரில் பிடுங்கிய களையை மலையில் யாரும் எறிவதில்லை. மழையில் மண் அரித்துப் போகாமல் கீழ்ப்பக்கம் அணையாகப் போடுவதுதான் பழக்கம். எலுமிச்சம்பழ அளவு பந்துக்கு அணை எதற்கு என்று காசிமாயனின் கைகள் கேட்கவில்லை. வட்டமாக, சுத்தமாக, ஒரு வேர் மிச்சமில்லாமல் எடுத்து முடித்த பிறகுதான் அவர் தன் விரல்களைப் பார்த்தார். பச்சையாக இருந்தன.

வராந்தாவில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. கலீபுல்லாவின் கடையில் தான் நடத்திய வகுப்பு ஒரு வார்த்தை விடாமல் காசிமாயனுக்குக் கேட்டது.

குரியன் வந்து குனிந்து பார்த்தார். “இது நம்ம தோட்டத்துப் பெண்ணுங்க களையெடுக்குற மாதிரியல்லே இருக்கு! மண்ணு தட்டி, கீழ்ப்பக்கம் போட்டு... எவிடெப் படிச்சீங்க?” சிரித்தார். பிறகு செக்ரட்டரி முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். “காசிமாயன், அறியாம கை போனதாணெங்கில் ரெண்டு அடி கூடுதல் போட்டுத் தீர்ந்து போகும். அறிஞ்சு செஞ்சதாணெங்கில் அது வேற. எது?”

கலீபுல்லா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “களையெடுத்த பழக்கம், கை தானாப் போயிருச்சுன்னு சொல்லுங்கண்ணே. ஒண்ணும் தப்பில்ல. முடிஞ்சு போச்சு.”

உண்மை அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற நீளம். ஆனால் அதைச் சொன்னால் திவான் செத்துப் போவார். யார் தோட்டத்தில் பழகிய கை என்று குரியன் கேட்பார், உங்கள் தோட்டத்தில்தான் என்று சொல்ல வேண்டி வரும். அதற்குப் பிறகு அந்த வராந்தாவில் அவருக்கு நாற்காலி போடுவார்களோ, நிற்க வைத்துப் பேசுவார்களோ. காசிமாயன் நிமிர்ந்தார். கண் ஒச்சம்மாள் மேல் விழுந்தது. முதல் முறுக்கிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போர்த்தியிருந்த துண்டு தோளிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல், முன்னால் சாய்ந்து, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேரை விட்டுவிட்டுத் தழையை மட்டும் பிடுங்குகிறாய் என்று அந்தக் காலத்தில் அவரை ஏசாத நாளில்லை. இன்றைக்கு வேர் நிற்கவில்லை.

“அறிஞ்சுதான் செஞ்சேன் சார்” என்றார் காசிமாயன். “பந்து வரமாட்டேங்குது. யாரும் பாக்கலைன்னு நெனச்சிட்டேன்.”

ஒரு வராந்தா நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திருடியவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். குரியன் ஒரு கணம் அவரையே பார்த்தார். அப்புறம் வெடித்துச் சிரித்து முதுகில் ஓங்கி அறைந்தார்.

“ஞானும் செஞ்சிட்டுண்டு! காலால! ஆரும் காணாம ஒரு தள்ளு. நீங்க கையால, அதும் எங்க எல்லாரோட முன்பில! தைரியம் வேணும்!”

வராந்தாவே கலகலத்தது. ஒருவர் தான் சட்டைப் பையிலிருந்து பந்தை நழுவவிட்ட கதையைச் சொன்னார். இன்னொருவர் ஓடைக்குள் விழுந்த பந்து கரையேறிய அற்புதத்தை விவரித்தார். திருடன் என்றால் நம்ம ஆள்தான் என்ற நிம்மதி எல்லோர் முகத்திலும் தெரிந்தது. டீ முடிவதற்குள் காசிமாயன் மெம்பர். கலீபுல்லா மட்டும் தன் மட்டைகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் துண்டை எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இறங்கும்போது சில வளைவுகள் தாண்டியதும் ஒச்சம்மாள் கேட்டாள்.

“எதுக்குய்யா அப்படிச் சொன்ன?”

“எப்படி?”

“திருடுனேன்னு.”

“வெளையாட்டுல அதெல்லாம் சகசம் ஒச்சு. மெம்பராயிட்டேன்ல, அதப் பாரு.”

“பழக்கத்துல கை போயிருச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? கலீபுல்லா அண்ணன் எடுத்துக் குடுத்தாருல்ல?”

“சொன்னா எங்க பழகுனன்னு கேப்பாக.”

“கேக்கட்டுமே.”

காசிமாயன் தேவையில்லாமல் கியர் மாற்றினார். ஜீப்பு முனகியது.

“அப்ப, நானும் நீயும் ஒரே நெரையில குந்தி களையெடுத்தது, திருட்ட விடக் கேவலம் ஒனக்கு” என்றாள் ஒச்சம்மாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கடையில் விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள். காசிமாயன் ரோட்டையே பார்த்து ஓட்டினார். போடி வரைக்கும் வளைவுகள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு, “எனக்குச் சோலி கெடக்கு, நீ போயிட்டு வா” என்று சொல்லிவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை.

அன்றைக்கு மூன்றாவது குழியிலேயே பந்து புல்லுக்குள் போனது. அது என்னவோ அவர் பந்துக்குப் புல்மேல் ஒரு பிரியம். குரியன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

“ஒரு நிமிஷம்! நம்ம காசிமாயனுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. எல்லாரும் அங்கோட்டுத் திரும்புங்க!”

பெரிய மனிதர்கள் எல்லோரும் தோளைக் குலுக்கிச் சிரித்துக்கொண்டே மரியாதையாக மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கலீபுல்லா மட்டும் திரும்பவில்லை.

காசிமாயன் அத்தனை முதுகுகளையும் பார்த்தார். கை இரண்டையும் மட்டையைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். குந்தவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடித்தார். புல் பறந்தது. மறுபடி அடித்தார். பந்து அசைந்து, பக்கத்துக் கொத்துக்குள் நுழைந்தது. மூச்சு வாங்கியது. சட்டை முதுகில் ஒட்டியது. அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பந்து ஒரு வழியாக எழும்பி, நொண்டி நொண்டி வெட்டிய தரைக்கு வந்து சேர்ந்தது.

“முடிஞ்சோ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினார் குரியன். “எத்தனை?”

“எட்டு.”

“எட்டா?” குரியன் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். “காசிமாயன் எட்டுன்னு சொன்னா நமக்குப் பன்னெண்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். காசிமாயனும் சிரித்தார், மெம்பர் அல்லவா. சிரித்துக்கொண்டே கலீபுல்லாவைப் பார்த்தார். எட்டுதான், நான் பார்த்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று இருந்தது.

கலீபுல்லா பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த குழியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.