ஒற்று மிகும் இடம்

பலகையை மாட்டியவள் நான்தான். இன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறது என்று எழுதத்தான் மாட்டினேன். அப்பம், புட்டு, மீன்கறி, அவ்வளவுதான். சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜாலான் புசாருக்குப் போகிற சந்தில், ஐந்தடி நடைபாதையில் மேசை போட்ட சின்னத் தேநீர்க்கடை என்னுடையது. பலகைக்குக் கீழே ஒரு டப்பாவில் சாக்பீஸ் போட்டு வைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனியன் வந்து உட்கார்ந்தது.

1982 ஜனவரி கடைசி. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது என்று வானொலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் வேலாயுதம் அதைக் கேட்டுக்கொண்டே டீ குடித்தார். பிறகு எழுந்து போய் என் மீன்கறிக்கு அடியில் எழுதினார்: “ஜப்பான்காரன் வருவது வெள்ளைக்காரனுக்கு முன்பே தெரியுமா?”

மறுநாள் காலையில் நான் கடை திறந்தபோது பலகை நிறைந்திருந்தது. தெரியும். தெரியாது. தெரிந்தும் தூங்கினான். நீ பார்த்தாயா? உன் அப்பன் பார்த்தானா? மிடில் ரோட்டில் படம் பிடிக்கிற கடை வைத்திருந்த ஜப்பான்காரன் அத்தனை பேரும் வேவுகாரன். என் புட்டைக் காணோம், அப்பத்தில் பாதியைக் காணோம். யாரும் பெயர் போடவில்லை. பெயர் போடாமல் எழுதலாம் என்றால் நம் ஆட்களுக்கு எங்கிருந்துதான் வீரம் வருமோ. நேரில் ஒரு டீக்கு இரண்டு தடவை நன்றி சொல்கிற மனிதர்கள்தான் எல்லாரும்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. வியப்பும் வந்தது. துறைமுகக் கூலி, வங்கிக் குமாஸ்தா, லாரி ஓட்டுநர் என்று எல்லாரும் நின்று வாசித்தார்கள். இவ்வளவு பேர் மனத்தில் இத்தனை வருஷமாக அந்த யுத்தம் ஆறாமல் கிடந்திருக்கிறதே என்று நினைத்தபோது ஈரத்துணியை எடுத்த கை நின்றுவிட்டது. மீன்கறியை ஓர் அட்டையில் எழுதித் தூணில் கட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அந்த வரி வந்தது. “துறைமுகத்தில் வேலை பார்த்த சூசைநாதன் என்ற ஒற்றன்தான் நம்மை ஜப்பானுக்கு காட்டி கொடுத்தான்.”

அதைப் படித்தவர்களில் ஒருவராவது ‘யார் இந்தச் சூசைநாதன், உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தமிழாசிரியர் தனசேகரன் பள்ளிக்கூடம் முடிந்து வந்தார், படித்தார், முகம் சுளித்தார். பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து, ‘ஜப்பானுக்கு’க்குப் பின்னால் ஒரு க், ‘காட்டி’க்குப் பின்னால் ஒரு க் செருகினார். ஓரத்தில், “வல்லினம் மிகும் இடம். ஒற்று விடாதீர்” என்று அழகாக எழுதிவிட்டு ஒரு கோப்பி வாங்கிக் குடித்தார்.

வேவு பார்ப்பதும் ஒற்று, புள்ளி வைத்த எழுத்தும் ஒற்று. முதல் ஒற்றில் தொடங்கிய சண்டை அன்றைக்கு இரண்டாவது ஒற்றில் போய் விழுந்தது. பிறகு அதை எடுக்க ஆளில்லை. ‘ஜப்பான்’ என்று எழுதுவதே தப்பு, ஜ வடவெழுத்து, ‘யப்பான்’ என்று எழுது என்றார் ஒருவர். அப்படியானால் ஜாலான் புசாரை யாலான் புசார் என்று எழுதுவாயா, பஸ்காரன் நிறுத்துவானா என்று கேட்டார் இன்னொருவர். தமிழ்நாட்டில் வந்த புது லை, புது னையைப் பற்றி ஒரு பக்கம். ‘வேவுகாரன்’ சரியா ‘வேவுக்காரன்’ சரியா என்று ஒரு பக்கம். மேசையில் கையைக் குத்திப் பேசினார்கள். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: அந்த வரியில் இப்போது பிழை இல்லை. மற்றதெல்லாம் அழிந்து அழிந்து மாறியது. அது மட்டும் நடுவில் நின்றது.

எங்கள் கடைக்கு எதிரே வரும் பஸ்ஸில் ஏறித்தான் பிலோமினம்மாள் மாதா கோயிலுக்குப் போவார். ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை பார்த்து, ஐம்பத்தைந்தில் ஓய்வு வாங்கியவர். அதிகம் பேசமாட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கடைக்குள் வந்தது டீக்கு அல்ல, சிலுவைராஜைப் பார்க்க. சிலுவைராஜ் அவருடைய பங்குக் கோயில் கமிட்டிச் செயலாளர். காலையில் என் கடையில்தான் பசியாறுவார்.

நான் அப்பத்தைத் தட்டில் வைக்கும்போது அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

“ஞாயித்துக்கெழமை பூசையில யுத்தத்துல செத்தவங்க பேரெல்லாம் படிக்கிறீங்களாம். எங்க அப்பா பேரையும் படிக்கணும்.”

சிலுவைராஜ் அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கமிட்டியிலதான் ரெண்டு பேரு வேணாங்கிறாங்க. ஜனங்க ஒரு மாதிரி பேசுறாங்க லா. அந்தப் பேச்சு அடங்கட்டும், அடுத்த வருஷம் பாப்போம்.”

“நாப்பது வருஷமா அடங்கல,” என்றார் பிலோமினம்மாள். “அவருக்குக் கல்லறை இல்ல. எங்க செத்தாருன்னும் தெரியாது. ஒரு தரம் பேரைச் சத்தமாச் சொன்னாப் போதும்.”

சிலுவைராஜ் பலகைப் பக்கம் பார்த்தார். பாவம், தெரியாமல்தான் பார்த்தார். அவர் கண் போன பக்கம் பிலோமினம்மாளும் திரும்பினார்.

சூசைநாதன் அவருடைய அப்பா என்று எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். “இருங்க அக்கா,” என்று பிலோமினம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வேலாயுதமும் தனசேகரன் சாரும் பக்கத்து மேசையில் இருந்தார்கள். பள்ளி விடுமுறையோ என்னவோ, சார் அன்றைக்குக் காலையிலேயே வந்திருந்தார்.

“சிவப்புல திருத்தினது யாரு?”

“நாந்தாம்மா,” என்றார் சார் மெதுவாக.

“இப்ப சரியா இருக்கா?”

“இலக்கணப்படி… சரியா இருக்கும்மா.”

“இல்ல சார். ஒரு வார்த்த தப்பா இருக்கு. ஒற்றன்னு எழுதியிருக்கிறது சரிதான். எங்க அப்பா ஒற்றர்தான். யாருக்குங்கிறதுதான் தப்பு.”

அவர் நின்றபடியே சொன்னார், எங்களுக்கு அல்ல, பலகைக்குச் சொல்வதுபோல.

அவருடைய அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டியவர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்து வந்து சொல்லச் சொல்லி, ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவரை ரகசியமாக வைத்துக்கொண்டார். 1941இல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு அடிக்கடி வந்தது. சூசைநாதன் அதன் பக்கமாகப் போகும்போதெல்லாம் முகர்ந்து பார்ப்பார். மீன் வாடையே இல்லை. வலை நனையவில்லை. கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கடலின் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சொன்னார். அதிகாரி சிரித்தார். மறுபடி போய், இவர்கள் வந்தால் இருட்டில்தான் வருவார்கள், ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் என்றார். ஜப்பான்காரர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது, ராத்திரியில் விமானம் ஓட்ட வராது என்று அதிகாரி சொல்லியனுப்பினார்.

டிசம்பரில் முதல் குண்டு விழுந்தது. விடியுமுன், இருட்டில், ஊர் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது விழுந்தது.

“அன்னைக்கே வெள்ளைக்காரங்க வண்டி வந்துச்சு,” என்றார் பிலோமினம்மாள். “எனக்குப் பதினஞ்சு வயசு. அப்பா சோத்துல கைய வச்சிருந்தாரு. ராத்திரிதான் வருவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும், நீ அவங்க ஆளான்னு கேட்டாங்க. அவரு சொன்னத கேட்டுச் சிரிச்ச தொரை அப்ப ஊருலயே இல்ல. அப்பா எந்திரிச்சுக் கைய கழுவுனாரு. ‘சோத்த மூடி வைம்மா, இன்னொரு தரம் சொல்லிட்டு வந்துடுறேன்’னாரு.”

தன்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர்களிடம், இந்தத் தடவையாவது கேட்பார்கள் என்று நம்பிக் கிளம்பியிருக்கிறார் அந்த மனிதர். நான் பெரிய ஆட்களைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். கிட்டத்தில் பார்த்ததாக ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அன்றைக்கு என் கடையில், இல்லாமலே நின்ற அவரைத்தான் சொல்வேன். அவர் மகளைப் பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை.

வேலாயுதம் எழுந்தார். “நாந்தான்மா எழுதுனேன். எங்க அப்பா சொல்லுவாரு.”

“உங்க அப்பாவுக்கு யாரு சொன்னா?”

“தெரியல,” என்றார் வேலாயுதம். நாற்பது வருஷக் கதைக்கு அவ்வளவுதான் வேர். பிறகு என் துணியைக் கேட்காமல் உள்ளங்கையாலேயே அந்த வரியைத் தேய்த்து அழித்தார். கை சிவப்பும் வெள்ளையுமாக ஆனது. தனசேகரன் சார் பலகையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலுவைராஜ் தட்டை நகர்த்தினார். “கமிட்டிய நான் பாத்துக்குறேன். நானே படிக்கிறேன்மா. ஆனா ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எப்படிச் செத்தாங்கன்னு ஒரு வார்த்த வரும். உங்க அப்பாவுக்கு என்ன போட?”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டுப் பிலோமினம்மாள் பஸ்ஸுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு நானும் போனேன். எனக்குக் கோயில் என்றால் வீரமாகாளியம்மன் கோயில்தான். மாதா கோயிலில் எப்போது நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எனக்கு இந்தப் பக்கம் வேலாயுதம், நெற்றியில் திருநீற்றோடு. பிலோமினம்மாள் அந்தப் பக்கம், எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து இடம் விட்டிருந்தார்.

சிலுவைராஜ் மேடையேறிப் படித்தார். இன்னார், குண்டுவீச்சில் இறந்தவர். இன்னார், சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர். ஒவ்வொரு பெயர் முடிந்ததும் கோயில் முழுக்க ஒரே குரலாக, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். எத்தனை வீடுகளில் எத்தனை பேர். நான் பிறந்த ஊர்தான் இது, இதன் அடியில் இத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

பிறகு அந்தப் பெயர் வந்தது. சிலுவைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

“தஞ்சோங் பகார் சூசைநாதன். முன்பே சொன்னவர்.”

பக்கத்தில் வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் சொன்னது, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” பிலோமினம்மாளுக்கு அது வாயில் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவருக்காக நான் சொன்னேன்.