பீவியின் நகங்கள்

ஷார்ஜாவில் வாடகை யானை விலை. அதனால் ஒரு ஃபிளாட்டுக்குள் இரண்டு குடும்பம், ஒரே அடுப்படி. ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த மூன்றாம் மாடி வீடு மெஹர்பானுவின் புருஷன் பேரில் இருந்தது. ஹாலிதாவும் அவள் புருஷன் செய்கு அலாவுதீனும் உள் ரூமில் ஒண்டிக் குடித்தனம். அப்படிப்பட்ட இடத்தில் பூனை வளர்க்க ஹாலிதாவுக்குத்தான் தைரியம் வரும். கீழக்கரையில் சோற்றுத் தட்டைச் சுற்றிப் பூனைகளோடு வளர்ந்தவள், லிஃப்ட் ஓரத்தில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைப் புர்காவுக்குள் மறைத்து மேலே கொண்டுவந்துவிட்டாள். பீவி என்று பெயரும் வைத்தாள்.

பீவிக்கு ஒரு பழக்கம். ஹாலிதா வெளியே கிளம்பப் புர்காவைப் போட்டதும் துணியில் நகத்தை மாட்டி விறுவிறுவென்று தோள்வரை ஏறிவிடும். இறக்குவது லேசில்லை. ஒவ்வொரு நகமாகப் பிரித்தெடுக்க வேண்டும்; ஒன்றை எடுத்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். எத்தனை அவசரத்திலும் ஹாலிதாவுக்கு அதில் சிரிப்பு வந்துவிடும்.

மெஹர்பானுவின் மகள் இஃப்பத் தவழத் தொடங்கியதும் வந்தது வினை. வாலைப் பிடித்து இழுத்த பிள்ளையைப் பீவி கீறிவிட்டது, கண்ணுக்குச் சற்றுக் கீழே.

“ராத்தா, பூனைய வெளியேத்துங்க. இல்லாட்டி நீங்க வேற ரூம் பாருங்க” என்றாள் மெஹர்பானு. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெற்றவள்.

நகத்தை எடுக்க ஆபரேஷன் உண்டு என்று செய்கு அலாவுதீன் வேலை பார்க்கும் பக்காலாவுக்கு, அந்த மளிகைக்கடைக்கு, வந்த யாரோ ஒரு மேடம் சொன்னாராம். அவர் வீட்டுப் பூனைக்குச் செய்திருந்தார், சோபா கிழியாமல் இருப்பதற்காக. சோபாவுக்கே செய்கிறார்களே, பிள்ளைக்குச் செய்தால் என்ன என்று ஹாலிதா நினைத்தாள்.

மிருக டாக்டர் எதையும் மறைக்கவில்லை. தன் விரலின் கடைசிக் கணுவைப் பிடித்துக் காட்டி, நகம் மட்டும் தனியாக வராது, எலும்போடு இதுவரை வெட்டவேண்டும் என்று இந்தியில் சொன்னார். அவசியம்தானா என்றும் கேட்டார். ஹாலிதா தன் விரல் நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தெருவில் விட்டால் இந்த வெயிலில் செத்துப்போகும். விரல் நுனி போனாலும் வீட்டோடு இருக்கும். “அச்சா டாக்டர், பண்ணிருங்க” என்றாள். அவசியமா என்று கேட்ட அதே மனுஷர்தான் கத்தியையும் எடுத்தார். அவரையும் நல்லவர் என்றுதான் சொல்லவேண்டும்.

கட்டுப் பிரித்தபின் பீவி கொதிக்கிற தரையில் நடப்பதுபோல் நடந்தது. ஒன்றுக்குப் போகிற மண் தட்டில் கால் வைக்கக் கத்தியது. நகம் போனால் பல் இருக்கிறதே, அதை யாரும் யோசிக்கவில்லை. முன்பெல்லாம் பயந்தால் காலை ஓங்கிக் காட்டும். இப்போது எடுத்த எடுப்பில் கடித்தது. ஒரு நாள் இஃப்பத்தின் கையிலும் பல் இறங்கியது, ஆழமாக.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திரும்பிய மெஹர்பானு பிள்ளையோடு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் புருஷன்தான் பேசினார். “கலாஸ் பாய், போதும். பூனை இன்னைக்கே போகணும்.”

“வேற ரூம் பாப்பமே மச்சான்” என்று ஹாலிதா புருஷனிடம் கெஞ்சினாள்.

“பூனையோட எவன் ரூம் குடுப்பான்? ஒன்னைய ஊருக்கு அனுப்பிட்டு நான் பேச்சுலர் ரூமுக்குத்தான் போகணும். போகட்டுமா, சொல்லு.”

அவள் குனிந்து பீவியைத் தூக்கிக்கொண்டாள். கடைப் பிக்கப்பில் பீவியை மடியில் வைத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனார்கள். மீன் இருக்கிற இடத்தில் பூனை பட்டினி கிடக்காது என்று வழிநெடுக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஊரில் பூனையைக் கொண்டுபோய் விடுகிற எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான்.

மார்க்கெட்டின் பின்பக்கம், மீன்தலையும் குடலும் கொட்டுகிற இடத்தில், பூனைகள் ஒரு பட்டாளமாகக் கிடந்தன. ஹாலிதா ஒரு மத்தியை வாங்கிப் பீவியின் முன்னால் போட்டாள். அது முகர்ந்து பார்ப்பதற்குள் காது கிழிந்த ஒரு கடுவன் வந்துவிட்டது. பீவி முன்னங்காலை ஓங்கி அதன் மூஞ்சியில் அறைந்தது. பஞ்சால் தட்டியதுபோல் இருந்தது அந்த அடி. கடுவன் கண்ணைக்கூட மூடவில்லை. பீவியின் முதுகில் ஒரு கீறு போட்டுவிட்டு மீனைக் கவ்விக்கொண்டது. பீவி சுவரில் தாவியது, வழுக்கி விழுந்தது. பக்கத்துப் பேரீச்சை மரத்தில் தாவியது, அங்கேயும் விழுந்தது.

அல்லாவே, இதை வீட்டோடு வைத்துக்கொள்ளத்தானே வெட்டச் சொன்னேன் என்று ஹாலிதாவுக்கு நெஞ்சு வெடித்தது. நகத்தோடு விட்டிருந்தால் இங்கே எப்படியாவது பிழைத்திருக்கும்.

செய்கு அலாவுதீன் ஹாரன் அடித்தார். “யல்லா ஹாலிதா, ஏறு.”

பீவி அவளிடம் ஓடிவந்தது. பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் புர்காவில் வைத்து ஏறப் பார்த்தது. துணி பிடி கொடுக்கவில்லை. மறுபடி வைத்தது. நகங்களைப் பிரித்தெடுக்க, பழக்கத்தில் ஹாலிதா குனிந்து கைகளைக் கீழே கொண்டுபோனாள்.

பிரித்தெடுக்க ஒன்றுமே இல்லை. அவள் ஒரு எட்டு வைத்ததும், அந்தக் கால்கள் தாமாகவே வழுக்கிக் கீழே போய்விட்டன.