எலிவால் வைத்த ஈயம்

உலகத்திலேயே மட்டமான ரிப்பேர்காரர்களைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு நிகர் நானேதான். என் தங்கை மகள், செத்துப்போன அவள் அப்பாவின் பழைய எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இதைப் பழையபடி ஆக்கி நான் வாசிக்கணும். நல்ல ஆளாப் பாருங்க" என்றாள். இரண்டே மாதத்தில் பதினேழாயிரம் பேரிடம் அழைத்துப் போனேன்.

சரி, மூன்று பேர்.

முதல் ஆள் மிக்ஸி மெக்கானிக். கிதாரை வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஜார் எங்க?" என்றான். இரண்டாமவர் நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர். கம்பியையெல்லாம் பிடுங்கி எறிந்தால் பலகை கண்ணாடியாக மின்னும் என்று சத்தியம் செய்தார். மூன்றாவது ஆள் அரை மணி நேரம் குனிந்து அதையே ஆராய்ந்தார். கடைசியில்தான் தெரிந்தது, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார் என்று.

ஏன் இந்தக் கூத்து என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். விவரம் தெரிந்த யாரும் அந்தக் கிதாரைத் திறந்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது என் கைவேலை.

முப்பத்தாறு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தியவன் நான். ஆனால் கையில் ஸ்க்ரூடிரைவர் வந்துவிட்டால், மின்சாரமே என்னைக் கண்டு எழுந்து நின்று வணக்கம் வைக்கும் என்று நினைப்பு. மச்சான், அதாவது இவள் அப்பா, மேடைகளில் பாடிக்கொண்டே வாசிக்கிறவர். கிதார் ஓயாமல் உறுமுகிறது என்றார்.

"குடுங்க மச்சான், பூனைக்குட்டி மாதிரி ஆக்கித் தர்றேன்."

உளியால் அதன் உடம்பில் ஒரு சதுர ஓட்டை போட்டேன். இரண்டு சுவிட்ச் வைத்தேன். எதற்கு என்றே தெரியாத இரண்டு குட்டிச் சாமான்களைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். உறுமல் நின்றது. மச்சான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தன் வேலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். வாழ்க்கையில் நான் பெருமையை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

எட்டாம் நாள், மழை ஈரம் காயாத மேடையில், பாட வாயெடுத்தவருக்கு மைக்கில் உதடு பட்டது. அப்படியே சாய்ந்தார். நெஞ்சு வலி என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். இவளுக்கு அப்போது நாலு வயது.

நாலாவது ரிப்பேர்காரரை அவளே கண்டுபிடித்துவிட்டாள். காது கேட்கும் கருவி விற்கிற கடைக்குப் பின்னால் ஒரு அறை. நெற்றியில் விளக்கு கட்டிய ஒரு அம்மாள். ஒவ்வொரு அளவு ஸ்க்ரூவுக்கும் ஒரு தீப்பெட்டி. தூசிகூட அங்கே அனுமதி கேட்டுத்தான் உட்காரும். அவர் மேசையில் துணி விரித்து, கிதாரைக் கிடத்தி, மூடியைக் கழற்றினார்.

"அட கண்றாவியே! யார் பார்த்த வேலை இது? காக்கா எச்சம் போட்ட மாதிரி."

எனக்குக் கோபம் வந்தது பாருங்கள்! அவ்வளவு மோசமில்லை.

"ஈயம் வெச்ச இடத்துல எல்லாம் ஒரு வால் நிக்குது பாருங்க, எலிவால் மாதிரி. ஆறறதுக்குள்ள கையைச் சுண்டி இழுக்கிற ஆளு. கையெழுத்து மாதிரி இது, மாறவே மாறாது." லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனவர் குரல் இறங்கியது. "கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு பார்ட் இருந்திருக்கு. ஷாக் வந்தா ஆளைக் காப்பாத்தறதுக்கு. அதைக் கழட்டிட்டு நேரா ஒயரைக் குடுத்திருக்காங்க. இதை வாசிச்சவர் நல்லா இருக்காரா?"

"எங்கப்பா. மேடையிலயே போயிட்டார். நெஞ்சு வலின்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

அந்த அம்மாள் நெற்றி விளக்கை அணைத்தார்.

"அப்ப தானே வெச்சுக்கிட்ட கொள்ளியா?" என்றாள் தங்கை மகள். "எங்களைவிட இந்தக் கட்டைதான் அவருக்குப் பெருசுன்னு அம்மா சொல்லுவாங்க. நான் சண்டை போடுவேன். நானே சரி பண்ணினேன்னு ஊரெல்லாம் சொன்னாராம். விளையாட்டா நோண்டி, நாலு வயசுப் பிள்ளையை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிருக்கார். இந்த ஆளுக்காகவா மாமா நான் இத்தனை வருஷம் அழுதேன்?"

பல்பு மாட்டுவதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிற மனிதர் அவர்.

"அவர் இல்லைம்மா. நான்தான் பண்ணினேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "போதும் மாமா. எது நடந்தாலும் நான்தான்னுவீங்க. போன மழையில வெள்ளத்தை ஒத்தைக் கையால நிறுத்தினதும் நீங்கதானே? எங்கப்பா மானத்தைக் காப்பாத்தவும் ஒரு கதையா?"

"கதை இல்லைம்மா."

"விடுங்க மாமா."

அந்த அம்மாள் சுடச்சுட இருந்த ஈயம் பற்றவைக்கும் கருவியையும் இரண்டு துண்டு ஒயரையும் என் பக்கம் நகர்த்தினார்.

"பத்த வைங்க, பார்ப்போம்."

வைத்தேன். மெதுவாக, பூப்போல எடுத்தால் வால் வராது என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. கை கேட்கவில்லை. சுண்டி இழுத்தது.

தங்கை மகள் லென்ஸை வாங்கினாள். புது வாலைப் பார்த்தாள். கிதாருக்குள் குனிந்து பழைய வாலைப் பார்த்தாள். மறுபடி புதியதைப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் பெருமை அடிச்சுக்கிறவர் இதை மட்டும் ஏன் சொல்லவே இல்லைன்னு எனக்குத் தோணிருக்கணும்" என்றாள், என்னிடம் இல்லை, ஒயரிடம்.

பிறகு அந்த அம்மாளிடம், "பழையபடி ஆக்கிடுங்க. அந்த ஒயரை மட்டும் வெட்டி எங்கிட்ட குடுங்க. அம்மாகிட்ட காட்டணும்" என்றாள். இரண்டு வால்களையும் ஒரே காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வரும்போது அவள் ஸ்கூட்டரில்தான் வந்தேன். ஹெல்மெட் வாரை என் தாடைக்குக் கீழே அவள்தான் மாட்டிவிட்டிருந்தாள். வெளியே வந்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நீங்க பஸ்ல போயிடுங்க."

அதில் 'மாமா' என்ற சொல் இல்லை.

பஸ் நிறுத்தம் நூறு மைல் என்று எழுதத்தான் கை துறுதுறுக்கிறது. எண்ணிக்கொண்டே நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு காலடி.