வந்தவர்களுக்கு முதல் நடை

ஏரியூர்ப் பக்கம் காவிரிக்கு நடுவே ஐந்து வீடுகளோடு கிடக்கிறது கொக்குத்திட்டு. தர்மபுரியே வேகிற நாளிலும் அங்கே சிலுசிலுவென்று காற்றடிக்கும். அதற்காகவே காலையில் பரிசலேறி வந்து, மீன் தின்று, படம் பிடித்து, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிற கூட்டம் உண்டு. தலைவலி மாத்திரைக்குக்கூட ஆற்றைத் தாண்டணும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த ஏழு பேருக்குச் சுகுணா மீன் வறுத்துப் போட்டாள். அன்ஜும் என்ற பெண் ருசியில் சொக்கிப்போய், அடுத்த தடவைக்கென்று போன் நம்பரும் வாங்கிக்கொண்டாள். சுகுணாவின் புருஷன் மாது மத்தியானத்திலிருந்தே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்தான். மூன்று மணிக்கு அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தத் திட்டில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

சுகுணா கைத்தாங்கலாக அவனைத் துறைக்குக் கூட்டி வந்தபோது ஏழு பேரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இருப்பது ஒரே பரிசல். துடுப்புப் போடும் கோவிந்தனோடு எட்டுப் பேர்தான் தாங்கும்.

“அக்கா, ரெண்டு பேர எறக்கி வுடட்டுமா? மாமா மொகமே சரியில்லியே,” என்றான் கோவிந்தன் காதோடு காதாக.

நம் கையால் சாப்பிட்டவர்களை ஏறின பரிசலிலிருந்து இறங்கச் சொல்லக் கூடாது என்பது திட்டின் வழக்கம். சாமி உத்தரவா, சட்டமா, ஒரு மண்ணும் இல்லை. இதுவரை யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். சுகுணாவுக்கும் வாய் எழவில்லை. மாது வேறு, “வந்தவங்க போவட்டும், நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?” என்று சிரிக்கப் பார்த்தான்.

“இவங்கள வுட்டுட்டு வெரசா வந்துடு கோவிந்தா,” என்றாள்.

பரிசல் பாதி ஆறு போவதற்குள் தண்ணீர் செம்மண் நிறமாகப் பொங்கியது. மேலே எங்கேயோ பேய்மழை. கோவிந்தன் அவர்களைக் கரை சேர்த்ததே பெரும்பாடு. மறுபடி பரிசலைத் தள்ளப் போனவனை நாலு பேர் கட்டிப்பிடித்து நிறுத்துவது இங்கிருந்தே தெரிந்தது. சுகுணா தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஆறு போட்ட இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

மாது அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தான். ஒரு தரம் தண்ணீர் கேட்டான். பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது.

“அக்கா, நான் அன்ஜும். பரிசல்கார அண்ணா இப்பதான் சொன்னாரு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“கேட்டிருந்தா எறங்கியிருப்பீங்களா?” என்றாள் சுகுணா.

“ஐயோ, எறங்காம? ஏழு பேரும் எறங்கியிருப்போமேக்கா!”

சுகுணா போனை மணலில் வைத்துவிட்டாள். யாரையாவது வைதாவது மிச்ச காலத்தை ஓட்டலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது வைவதற்கும் தன்னைத் தவிர ஆளில்லை.